தவமணி அக்கா வெட்டக் கற்ற கதை

தவமணி அக்காவைப் பார்த்து "கத்தாதே" என்று சொல்லும் தைரியம் பினாங்குத் தீவில் ஒருவருக்கும் கிடையாது. அப்படிச் சொன்ன ஆள் நார்வேயில் இருந்தான். அங்கே இருந்ததால் பிழைத்தான்.

நடந்தது 1995-இல். வெல்ட் கீ சாலையில், ஃபெர்ரி ஜெட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கப்பல் ஏஜென்சி இருந்தது. கீழே சரக்குக் கிடங்கு, மேலே அலுவலகம், அலுவலகத்தின் கோடியில் கண்ணாடிச் சுவர் வைத்த கம்ப்யூட்டர் அறை. அந்த அறையில் நாங்கள் மூன்று பெண்கள்: தவமணி அக்கா, சித்தி ஹாஜரா என்ற மலாய்ப் பெண், நிபோங் திபாலிலிருந்து தினமும் பஸ்ஸும் ஃபெர்ரியும் பிடித்து வருகிற ஐரீனாகிய நான். கட்டிடத்திலேயே ஒழுங்காகக் குளிரும் ஏர்கான் எங்கள் அறையில்தான் இருந்தது. மெஷினுக்காகப் போட்டது, எங்களுக்காக இல்லை. ஆனாலும் வெளியே வியர்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு எங்களைக் கண்டால் வயிற்றெரிச்சல்.

அக்கா யாழ்ப்பாணக் குடும்பம். அவருடைய அப்பா அப்புத்துரை ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். கல்யாணம் பற்றிக் கேட்டவர்களுக்கு அக்கா ஒரு பார்வையைத்தான் பதிலாகக் கொடுப்பார், அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. இருபது வயதில், கம்பி வழியே தட்டச்சுச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் மெஷினின் ஆப்பரேட்டராக அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்தார். டெலக்ஸ் போய் ஃபேக்ஸ் வந்தது, ஃபேக்ஸோடு கம்ப்யூட்டர் வந்தது. அக்கா அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். குரல் மட்டும் டெலக்ஸ் மெஷினின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். அது கடைசிவரை இறங்கவே இல்லை.

அந்த வருடம் சீனப் பெருநாள் கழிந்த கையோடு எங்கள் மெஷினுக்குப் பேய் பிடித்தது. காலையில் சமர்த்தாக ஓடும். மதியத்துக்கு மேல், கீழே கிடங்கில் இருக்கும் திரைகளில் குப்பை எழுத்துகள் ஓடும், பிறகு எல்லாம் உறைந்துபோகும். லாரிகள் வாசலில் நிற்கும், சரக்குச் சீட்டு அச்சாகாது, டிரைவர்கள் மூன்று மொழியிலும் திட்டுவார்கள். மெஷினை விற்றவர்களின் ஆள் வந்தார், எதையோ மாற்றினார், போனார். மறுபடி வந்தார், மாற்றினார், போனார். கடைசியில் இதற்கு ஆயுசு முடிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவினார்.

அந்தக் காகிதம் கிள்ளான் தலைமை அலுவலகத்துக்குப் போனது. அங்கே ஜெனரல் மேனேஜர் ஸ்ரீஸ்கந்தராஜா. அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். பினாங்கு கம்ப்யூட்டர் அறையை ஜூலை மாதக் கடைசியோடு மூடிவிட்டு எல்லா வேலையையும் கிள்ளானிலிருந்தே பார்ப்பது என்று அவர் முடிவெடுத்ததாக எங்கள் கிளை மேனேஜர் அந்தோணிராஜ் வந்து சொன்னார். கெட்ட செய்தி சொல்லும்போது அவர் எப்போதும் ஏர்கானைப் பார்த்துத்தான் பேசுவார்.

"கிள்ளான் வர்றதுன்னா வரலாமாம். இல்லைன்னா வேற வேலை பாத்துக்கலாமாம்," என்றார்.

எனக்கு முப்பது வயது ஆகவில்லை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் எங்காவது நுழைந்துவிடுவேன். ஹாஜராவின் கணவருக்கு அரசாங்க உத்தியோகம். அக்காவுக்கு நாற்பத்தெட்டு வயது. யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்? அதைவிடப் பெரிய விஷயம், அந்த அறை அக்காவுடையது. கேபிள் இழுத்த நாளிலிருந்து கூட நின்று பார்த்தவர்.

"ஜூலைக் கடைசி வரைக்கும் டைம் இருக்குல்ல," என்றார் அக்கா. "அதுக்குள்ள சரி பண்ணிட்டா?"

"சரி பண்ணிட்டா பாக்கலாம்லா," என்றார் அந்தோணிராஜ். சரியாகும் என்று அவர் நம்பவில்லை, அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அப்போதுதான் நான் நியூஸ்குரூப் பற்றிச் சொன்னேன். ஜாரிங் என்ற இன்டர்நெட் இணைப்பு வாங்கி மாதக்கணக்காக அலுவலகத்தில் சும்மா கிடந்தது. நியூஸ்குரூப் என்றால் உலகம் முழுக்க இருப்பவர்கள் வந்து வாசிக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு பலகை. எங்கள் மெஷின் போன்ற மெஷின்களுக்கும் ஒன்று இருந்தது. யாராவது கேள்வி எழுதினால், தெரிந்தவர்கள் கீழே பதில் எழுதுவார்கள். கூலி கிடையாது, ஆனால் மரியாதை எதிர்பார்ப்பார்கள். அந்த மரியாதைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது.

கம்ப்யூட்டரைத் தொலைபேசி வழியே வெளியுலகத்தோடு இணைக்கும் மோடத்துக்குத் தனி லைன் கிடையாது. ஃபேக்ஸ் வயரைப் பிடுங்கி மாட்ட வேண்டும், ஆகவே சாப்பாட்டு நேரத்தில்தான் முடியும். அக்கா ஒரு கையில் புளிச்சாதக் கரண்டியும் மறு கையில் கீபோர்டுமாக முதல் செய்தியை அடித்தார். எல்லாம் ஆங்கிலம். எல்லாமே பெரிய எழுத்து. "ஐயா, மேற்கண்ட விஷயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது என்னவென்றால்" என்று தொடங்கியது. நமது நாட்டில் எந்த அலுவலகக் கடிதமும் அப்படித்தான் தொடங்கும். கீழே கையெழுத்தாகப் பெயர், பதவி, கம்பெனி, முகவரி, தொலைபேசி, ஃபேக்ஸ், எப்போதோ செத்துப்போன டெலக்ஸ் எண், கம்பெனியின் நோக்கம் எல்லாம் வரிசையாக நின்றன. கேள்வியைவிடக் கையெழுத்து நீளம்.

மறுநாள் பதில் வந்திருந்தது. நார்வேயில் எய்னார் என்று ஒருவன்.

"கத்தாதே. இங்கே எல்லோருக்கும் காது கேட்கும். உன் வரிகள் என் திரையைத் தாண்டி ஓடுகின்றன. மேற்கண்ட விஷயம் என்கிறாய், மேலே ஒன்றுமே இல்லை. கேள்வி என்ன?"

ஆங்கிலத்தில் நீ, நீங்கள் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அக்கா அதை "நீ" என்றுதான் படித்தார். மூக்கு சிவந்துவிட்டது.

"நான் எங்க கத்தினேன்?"

"பெரிய எழுத்துல அடிச்சா கத்துறதுன்னு அர்த்தமாம் அக்கா."

"டெலக்ஸ்ல சின்ன எழுத்தே கிடையாது. இருபது வருஷம் அடிச்சேன். ஹாம்பர்க்ல இருந்து யோகோஹாமா வரைக்கும் எவனும் கத்துறேன்னு சொன்னதில்ல. இது என்ன விசர்க் கதை?"

அக்காவுக்குக் கோபம் தலைக்கேறினால்தான் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வரும்; விசர் என்றால் பைத்தியம். அன்று மத்தியானம் முழுக்க யாழ்ப்பாணம்தான். ஹாஜரா ஒன்றும் புரியாமலேயே பயந்துபோய்க் கதவுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்தக் குழுவில் புதிதாக வருகிறவர்களுக்கென்று மாதாமாதம் ஒரு குறிப்பு போடுவார்கள். அதை அச்செடுத்து அக்காவின் மேசையில் வைத்தேன். சாதாரணமாக எழுது. வரிகளைத் திரைக்குள் அடக்கு. கையெழுத்து நாலு வரிக்கு மேல் வேண்டாம். பதில் எழுதும்போது, மற்றவர் எழுதியதில் தேவையானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டு. வைத்துக்கொண்ட ஒவ்வொரு வரிக்கும் நேர் கீழே உன் பதிலை எழுது. மற்றவரின் வரி எது என்று தெரிய அதன் முன்னால் ஓர் அம்புக்குறி நிற்கும். அவ்வளவுதான் சட்டம்.

சின்ன எழுத்துக்கு அக்கா முனகிக்கொண்டே இறங்கி வந்தார். வரியின் நீளத்துக்கும் சரி என்றார், டைப்ரைட்டரில் ஓரம் வைத்துப் பழகியவருக்கு அது பெரிதில்லை. கையெழுத்திலிருந்து டெலக்ஸ் எண்ணை எடுக்கத்தான் மனம் வரவில்லை, ஒரு நாள் துக்கம் காத்து எடுத்தார். ஆனால் வெட்டு என்கிற சட்டத்துக்கு மட்டும் மசியவே இல்லை.

"அடுத்தவங்க எழுதினதை நான் ஏன் வெட்டணும்? அது என்ன மரியாதை?"

"அவங்களே வெட்டச் சொல்றாங்க அக்கா."

"உனக்குத் தெரியாது. நீ அப்ப இங்க இல்ல. பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஒரு தடவை ரோட்டர்டாம் போகணும். சிங்கப்பூர்ல ஒரு புத்திசாலி, டெலக்ஸ் நீளமா இருக்குன்னு பாதியை வெட்டி அனுப்பினான். மூட்டையெல்லாம் அரபு நாட்டு ஜெட்டாவுல போய் இறங்கிச்சு. வந்ததை வந்த மாதிரியே திருப்பி அனுப்பினாத்தான் ஒண்ணும் விட்டுப் போகலைன்னு எதிராளிக்குத் தெரியும். தொழில்னா அதுதான்."

கப்பல் தொழிலில் அது சரிதான். அக்கா தன் இரண்டாவது செய்தியைச் சின்ன எழுத்தில், குட்டையான வரிகளில் போட்டார். இந்த முறை கேள்வி தெளிவாக இருந்தது. நல்ல மனிதர்கள் சிலர் பதில் எழுதினார்கள். கனடாவிலிருந்து ஒருவர், பிரேசிலில் ஏதோ சர்க்கரை ஆலையிலிருந்து ஒருவர், அந்த எய்னாரும்கூட. எல்லோரும் கேள்விகள் கேட்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். உச்சியில் "தங்கள் அன்பான பதிலுக்கு மிக்க நன்றி, மேலும் உதவியை எதிர்பார்க்கிறோம்" என்று இரண்டு வரி. அதன் கீழே அவர்கள் எழுதியது முழுசாக, அதன் கீழே அதற்கு முன் எழுதியது, அதன் கீழே அதற்கும் முன் எழுதியது. அம்புக்குறிகள் இரட்டையாகி, மூன்றாகி, வேலி மாதிரி நின்றன. ஒரு எழுத்து விடவில்லை. அக்காவுக்கு அதில் பெருமை.

படித்தவர்களோ அந்த வேலிக்குள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டார்கள். பிரேசில்காரர் பேசாமல் போனார். கனடாக்காரரும் போனார். எய்னார் மட்டும் கடைசியாக எழுதினான்: "வெட்டு. வைத்துக்கொண்டதற்குக் கீழே பதில் சொல். அதுவரை உன் செய்திகளைப் படிக்க மாட்டேன்."

அதன் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் ஃபேக்ஸ் வயரைப் பிடுங்கி மோடத்தை மாட்டி மாட்டிப் பார்த்தோம். அவன் திட்டியபோது வந்த கோபத்தைவிட, அவன் சும்மா இருந்தது அக்காவை அதிகமாக வாட்டியது. டெலக்ஸ் ஆப்பரேட்டருக்கு எதிர்முனை பேசாமல் போவதைவிடக் கெட்ட விஷயம் இல்லை.

"லைன் செத்துப்போச்சு, ஐரீன்," என்றார். அதைச் சொன்ன குரல் அவர் குரலாகவே இல்லை, அவ்வளவு மெதுவாக இருந்தது.

ஜூலையும் பிறந்துவிட்டது. கிள்ளானிலிருந்து மெஷினை ஏற்றிப்போக லாரி ஏற்பாடு செய்யச் சொல்லி அந்தோணிராஜுக்கு உத்தரவு வந்தது. அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா டிபன் டப்பாவைத் திறக்கவில்லை. எய்னாரும் மற்றவர்களும் எழுதியிருந்த எல்லாவற்றையும் ஒரே செய்தியாகத் திரையில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, "சரி, வெட்டிப் பாக்கிறேன்," என்றார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு நானும் உட்கார்ந்தேன்.

முதலில் வணக்கங்களை வெட்டினார். பிறகு தன்னுடைய நன்றிகளை வெட்டினார், அவை அதிகமாகவே இருந்தன. நாங்கள் ஏற்கெனவே செய்து பார்த்ததையும், எங்கள் மெஷினுக்குப் பொருந்தாததையும் வெட்டினார். வெட்ட வெட்ட, வேலிக்கு நடுவில் ஒளிந்திருந்த கேள்விகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மெஷின் நிற்கும்போது எல்லாத் திரைகளும் நிற்கின்றனவா? அதன் கீழே அக்கா எழுதினார்: "இல்லை, கீழ்த்தளத்தில் உள்ளவை மட்டும்." எப்போதும் ஒரே நேரத்திலா? "எப்போதும் மதியத்துக்கு மேல்." என்றைக்கிருந்து? "பிப்ரவரியிலிருந்து." அடித்துக்கொண்டே போனவரின் கை ஓரிடத்தில் நின்றது. எய்னார் தன் இரண்டாவது பதிலிலேயே கேட்டிருந்தான், கனடாக்காரரும் வேறு வார்த்தைகளில் அதையே கேட்டிருந்தார்:

"கீழே போகும் கேபிள் வழியில் எதையெல்லாம் ஒட்டிப் போகிறது?"

அந்த வரியை நாங்கள் பக்தியோடு திருப்பித் திருப்பி அனுப்பியிருந்தோம். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

"இதுக்கு என்ன எழுதறது?" என்றார் அக்கா.

"தெரியலையே. அதையும் வெட்டிடுங்க அக்கா."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். "வேண்டாததைத்தான் வெட்டலாம். பதில் தெரியலைங்கறதுக்காக வெட்ட முடியுமா? கீழ காலியா இருக்கு பாரு. எந்திரி."

அவ்வளவு நாளும் முழுசாக அனுப்பியபோது இல்லாத ஒரு வெற்றிடம் இப்போது திரையில் இருந்தது. அதை நிரப்பாமல் அக்காவால் சாப்பிட முடியாது. இரண்டு பேரும் படி இறங்கினோம்.

கிடங்குக்குப் பொறுப்பு வேலு. ஆயர் ஈத்தாம்காரர், எதற்கும் பதறாத ஆள், லாரி டிரைவர்கள் கழுத்தைப் பிடித்தாலும் தேத்தண்ணியை முடித்துவிட்டுத்தான் எழுவார்.

"வேலு, மேல இருந்து வர்ற கம்ப்யூட்டர் கேபிள் எந்தப் பக்கமா போகுது? நான் கூட நின்னு போட்டது. சன்னல் ஓரமா இறக்கினோம்."

"அது அப்ப அக்கா. இப்ப சன்னல் பக்கம் ஏது? சீனப் பெருநாள் லீவுல ஹாய்ஸ்ட் மாட்ட வந்தானுங்கல்ல, கேபிள் குறுக்க தொங்குதுன்னு சொல்லி அந்தப் பக்கம் தூக்கிக் கட்டிட்டானுங்க. நல்ல நீட்டாத்தான் கட்டியிருக்கானுங்க, பாருங்க."

பார்த்தோம். பாரம் தூக்கும் அந்தப் புது ஹாய்ஸ்டின் மோட்டார் உத்தரத்தில் பெரிய பன்றிக்குட்டி மாதிரி உட்கார்ந்திருந்தது. அதன் தடித்த மின்கம்பியோடு எங்கள் மெல்லிய கேபிளைச் சேர்த்து, பிளாஸ்டிக் பட்டைகளால் அழகாக, கோடி முதல் கோடி வரை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"ஹாய்ஸ்ட் எப்ப ஓட்டுவீங்க?" என்று நான் கேட்டேன்.

"மத்தியானம்தான். காலைல லாரி ஏதுலா?"

மெஷினைப் பார்க்க வந்த ஆள் எல்லா முறையும் காலையில்தான் வந்தார். காலையில் வந்து, நன்றாக ஓடும் மெஷினைப் பிரித்து, மாற்றி, மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா படிக்கட்டின் அடியில் நின்று அண்ணாந்து, தன் சொந்தக் குரலில், "ஹாஜரா, நான் இங்க கீழ்த்திரையைப் பாக்கிறேன், மேல மெஷின்ல என்ன வருதுன்னு நீ பாத்துக் கத்திச் சொல்லு," என்று மலாயில் கத்தினார். பிறகு வேலுவைப் பார்த்துத் தலையசைத்தார். வேலு பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

ஹாய்ஸ்ட் உறுமியது. எங்கள் முன்னால் இருந்த திரையில் குப்பை எழுத்துகள் கொட்டின. மேலிருந்து ஹாஜரா அலறினாள். வேலு பொத்தானை விட்டார், ஹாய்ஸ்ட் நின்றது. திரை உறைந்தே கிடந்தது. ஹாஜரா மேலே மெஷினிலிருந்து அந்தத் திரையின் இணைப்பை மறுபடி திறந்துவிட்டாள், உயிர் வந்தது. மறுபடி பச்சைப் பொத்தான், மறுபடி குப்பை. மோட்டார் ஓடும்போதெல்லாம் அதன் மின்சாரம் பக்கத்திலிருந்த எங்கள் கேபிளில் போன எழுத்துகளைக் குலைத்திருக்கிறது. அக்கா விடவில்லை, சந்தேகத்துக்கு இடமில்லாமல் போகும்வரை வேலுவை அழுத்தச் சொன்னார். எனக்கோ ஒவ்வொரு முறை குப்பை கொட்டும்போதும் கை தட்ட வேண்டும் போல இருந்தது.

"மாசக்கணக்கா நான்தான் உங்க மெஷினைக் கொன்னுக்கிட்டு இருந்தேனா?" என்றார் வேலு.

"நீ இல்ல தம்பி. கட்டினவன். ஏணியைக் கொண்டா."

அன்று சாயங்காலத்துக்குள் கேபிள் பழையபடி சன்னல் ஓரத்துக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் மத்தியானம் லாரிகள் வந்தன, ஹாய்ஸ்ட் உறுமியது, சரக்குச் சீட்டுகள் சரசரவென்று அச்சாகின. அதற்கடுத்த நாளும் அப்படியே. பேய் ஓடிவிட்டது.

அக்கா வெற்றிடத்தை நிரப்பி, செய்தியை அனுப்பினார். "மின்சார ஹாய்ஸ்டின் கம்பியை ஒட்டி. இப்போது பிரித்துவிட்டோம். இப்போது நிற்பதில்லை." கீழே கையெழுத்து: தவமணி, பினாங்கு. ஒரே வரி.

எய்னார் உடனே எழுதினான். "இதைத்தான் கேட்டேன். நன்றி. இனி நடந்ததைச் சுருக்கமாக எழுதிப் போடு, அடுத்து வருகிறவன் மறுபடி கேட்க வேண்டாம். அது இங்கே வழக்கம்." அக்கா சுருக்கம் எழுதினார். எழுதி வெட்டினார், மறுபடி வெட்டினார். ஒரு திரைக்குள் அடங்கியது. அதைப் படித்துவிட்டு, பேசாமல் போன பிரேசில்காரர் திரும்பி வந்தார். தன் ஆலையிலும் கேபிளுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ஓடுகிறதாம், அவருக்கும் தீர்ந்ததாம். அக்கா அதை எங்களுக்கு வாசித்துக் காட்டிய அழகை இன்னும் நினைத்துச் சிரிக்கிறேன், வாயெல்லாம் பல்.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கிள்ளான் முடிக்கவிடவில்லை. மெஷின் சரியானதை அந்தோணிராஜ் எழுதியிருந்தார். அதற்குப் பதிலாக ஸ்ரீஸ்கந்தராஜாவிடமிருந்து நீளமான ஃபேக்ஸ் வந்தது. சுருள் சுருளாக வந்து தரையைத் தொட்டது. பாராட்டுகள், கம்பெனியின் எதிர்காலம், நவீனமயம், எல்லாம் இருந்தன. ஆனால் முடிவு பழைய முடிவுதான்.

"மேல இருந்து வந்துருச்சு," என்றார் அந்தோணிராஜ் ஏர்கானிடம். "மிஸ் தவமணி, நீங்க ஒண்ணு செய்யலாம். அவரும் உங்க ஆளுங்கதான். யாழ்ப்பாணச் சங்கத்துல யாரையாவது பிடிச்சு, குடும்பத்து வழியா ஒரு வார்த்தை..."

"கேபிள் எங்க குடும்பத்து வழியாவா போகுது?" என்றார் அக்கா. "அவர் எழுதியிருக்கார். நான் எழுதுறேன். நீங்க கையெழுத்துப் போடுங்க, மிஸ்டர் அந்தோணி."

உட்கார்ந்தார். மேலதிகாரியின் ஃபேக்ஸை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். பாராட்டு போனது. எதிர்காலம் போனது. நவீனமயம் போனது. கடைசியில் அவ்வளவு நீளச் சுருளில் நின்றது மூன்றே வரி. அவற்றுக்கு முன்னால் அம்புக்குறி போட்டு, கீழே பதில் எழுதினார். தமிழில் சொன்னால் இப்படி:

> மெஷின் தினமும் நிற்கிறது.

கேபிளை மாற்றிய பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.

> பழுது பார்க்க முடியாது என்று விற்றவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பழுது மெஷினில் இல்லை. காரணம் இணைப்பில் உள்ளது.

> பினாங்கில் இதைப் பராமரிக்கத் திறமையுள்ளவர்கள் இல்லை.

கண்டுபிடித்ததும் சரி செய்ததும் பினாங்கு ஊழியர்கள்.

மற்றப் பத்திகள் இந்த மூன்றையும் நம்பி நிற்பதால் வெட்டிவிட்டேன். அறையை மூட வேறு காரணம் இருந்தால் தயவுசெய்து இதன் கீழே எழுதவும்.

அதற்குக் கீழே பெரிய இடம் விட்டிருந்தார்.

அந்தோணிராஜ் வாசித்தார். முகம் வெளுத்துவிட்டது. "ஜெனரல் மேனேஜரோட லெட்டரையே வெட்டிட்டீங்களே. அவர் எழுதினதுல முக்கால்வாசி காணோம்லா."

"தேவையானது எல்லாம் இருக்கு. வேணும்னா நீங்க ஒரு வரி சொல்லுங்க, சேர்த்துடறேன்."

அவர் தேடினார். சுருளை விரித்து, மறுபடி சுருட்டி, ஏர்கானைப் பார்த்து, பிறகு வாழ்க்கையில் முதன்முறையாக அக்காவைப் பார்த்து, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்காக அவருடைய மற்ற எல்லாப் பயங்களையும் நான் மன்னித்துவிட்டேன்.

ஃபேக்ஸ் போனது. பதில் வரவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் மோடத்துக்காக வயரைப் பிடுங்குவதை நிறுத்திவிட்டோம், அந்த நேரம் பார்த்துக் கிள்ளான் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று. லாரிக்குச் சொல்லியிருந்த நாள் வந்தது. லாரியும் வந்து வாசலில் நின்றது. டிரைவர் மேலே வந்து எதை ஏற்ற வேண்டும் என்று கேட்டார். ஹாஜரா மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அக்கா மட்டும் தன் நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதும்போல அன்றைய சீட்டுகளை அடித்துக்கொண்டிருந்தார். விரல்களின் வேகம் மட்டும் குறைந்திருந்தது.

அப்போது ஃபேக்ஸ் மணி அடித்தது. மெஷின் ஒரே ஒரு பக்கத்தைத் துப்பிவிட்டு நின்றது. நான்தான் எடுத்தேன். அக்கா அனுப்பிய கடிதம்தான் திரும்பி வந்திருந்தது. ஆனால் எல்லாம் வெட்டப்பட்டிருந்தது, ஜெனரல் மேனேஜரின் சொந்த மூன்று வரிகள்கூட. ஒரே வரி மீதம் இருந்தது. அதற்கு முன்னால் யாரோ பேனாவால் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

> அறையை மூட வேறு காரணம் இருந்தால் தயவுசெய்து இதன் கீழே எழுதவும்.

இல்லை. அறை பினாங்கிலேயே இருக்கட்டும். ஸ்ரீஸ்கந்தராஜா.

வாசித்துக் காட்டினேன். அக்கா என் கையிலிருந்து வாங்கித் தானே ஒரு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பரவாயில்ல, நல்லா வெட்டியிருக்கார்," என்றார். பிறகு டிரைவரிடம், "நீங்க வேலுகிட்ட தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஏத்த ஒண்ணும் இல்ல," என்றார்.

அதன் பிறகு அக்கா அந்த நாற்காலியில் ஓய்வு பெறும் வரை உட்கார்ந்தார். அந்தக் குழுவில் அவர் எழுதிய பதில்கள் எத்தனையோ பேருக்கு உதவின. ஆனால் எனக்குப் பிடித்தது அன்று அவர் அனுப்பிய செய்திதான். லாரி கிளம்பிப் போனதும் ஃபேக்ஸ் வயரைப் பிடுங்கி மோடத்தில் மாட்டச் சொன்னார். எய்னாருக்கு ஒரே வரி அடித்தார். கேப்ஸ் பொத்தானை அழுத்தி, பழைய டெலக்ஸ் மாதிரி, அத்தனையும் பெரிய எழுத்தில்: எங்கள் அறையை மூடவில்லை.

மறுநாள் பதில் வந்திருந்தது. அக்காவின் வரியை அப்படியே வைத்து, அம்புக்குறி போட்டு, அதற்கு நேர் கீழே அவன் எழுதியிருந்தான்:

"இதற்குக் கத்தலாம்."